பாஸ் ஆன பதினோரு பீஸ்

ஆண்டிபட்டி
22-8-2004, ஞாயிறு

அன்புசெல்விக்கு,

வேல்விழி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நான் நலமில்லை. நீ நலம் என்று கேள்விப்பட்டேன். கியூசி ஆகிவிட்டாயாம், செக்கிங் மேசைக்கெல்லாம் மேலே. ராயபுரம் ரூமில் இருக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய நாலாம் நாளே அந்த நாற்காலியில் உன்னை உட்கார வைத்துவிட்டார்களாமே. சந்தோஷம்.

வந்து எட்டு நாளாகிறது. திருப்பூரிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த பெண்ணுக்கு எங்கள் ஊர் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருக்கிறது. குழாயடியில் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கிறது, என் வயிற்றைப் பார்க்கிறார்கள். அப்பா என்னிடம் பேசுவதில்லை. மொக்கைச்சாமி மகள் என்று சொல்லித் தலை நிமிர்ந்து நடந்த தெரு இது. "பனியன்ல ஓட்டையாம், அதுக்காக அனுப்பிட்டாகளாம்" என்று அம்மா சொன்னால், "ஆமா கருத்தம்மா, ஓட்டைதான்" என்று சிரிக்கிறார்கள்.

மேனேஜர் கந்தவேல் சார் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில் பதினோரு பீஸில் ஊசி ஓட்டை. பதினோரு பீஸிலும் பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர். பார்த்து பாஸ் பண்ணினவளின் நம்பர் அது, பதினேழு நான். ஆறு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவளை ஆறு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். பீஸ்களைச் சுருட்டி மேசைமேல் வைத்திருந்தார். நம்பரை மட்டும் காட்டினார், நிறத்தை நான் பார்க்கவில்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். நீ இப்போது கியூசி, ரிஜெக்ட் பீஸ் எல்லாம் உன் அலமாரியில்தான் இருக்கும். அந்த ஸ்டிக்கர் என்ன நிறம்? திங்கள் வெள்ளை, செவ்வாய் மஞ்சள், புதன் சிவப்பு, வியாழன் பச்சை, வெள்ளி நீலம், சனி ரோஸ். இதை அப்பாவிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன். நிறம் தெரிந்தால் நாள் தெரியும். நாள் தெரிந்தால் மற்றது எனக்கும் உனக்கும் தெரியும்.

இன்னொன்று. மேசை டிராயரில் என் நோட்டு இருந்தது. பாஸ் என்ற ஒரே சொல்லுக்காக நான் எழுதி வைத்த நோட்டு. அது வேண்டும். அப்புறம், என்னை அனுப்பிய அன்று சாயங்காலம் நீ எந்த வழியாக வீட்டுக்குப் போனாய்?

வேல்விழி


குன்னத்தூர்
29-8-2004

வேல்விழி அவர்களுக்கு,

உங்க கடிதம் கிடைத்தது. நீங்க நல்லா இருக்கணும்னு எங்க வூட்டில் எல்லோரும் சாமி கும்பிடுகிறோம். இங்கே மழை இல்லை. கிணறு வற்றிவிட்டது. அம்மா உங்களுக்காக ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சி ஒரு டப்பா நெய் எடுத்து வைத்திருந்தார்கள். கொடுக்க ஆள் இல்லாமல் நாங்களே சாப்பிட்டோம்.

கியூசி வேலை நான் கேட்டு வாங்கியது இல்லை. பத்தாவது பாஸ் பண்ணினவங்க மேசையில் நான் ஒருத்திதான் இருந்தேன். வேறு யாரும் இருந்திருந்தால் அவங்களைப் போட்டிருப்பாங்க. நாலு நாளில் போட்டாங்க என்று எழுதியிருக்கீங்க. ஆள் இல்லை என்று ஷிப்மென்ட் நிற்குமாங்க?

அன்று எனக்குத் தலைவலி. கம்பெனி வேனில் சீக்கிரமே போய்விட்டேன். நீங்க போனதே மறுநாள்தான் எனக்குத் தெரியும்.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. தபாலில் தொலைந்துவிடும் என்று பயம். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அன்புசெல்வி


ஆண்டிபட்டி
2-9-2004

அன்பு,

ஆறு வருஷம் ஒரே டிபன் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவள் என்னை 'நீங்க' என்று எழுதியிருக்கிறாய். உங்கள் பக்கம் மரியாதை அதிகம் என்று தெரியும். ஆனால் ஆடுமாட்டைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடும் ஊரில் என்னை மட்டும் 'புள்ள' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். அது எங்கே போயிற்று? மனதில் ஒன்றை மறைக்கிறவர்களுக்குத்தான் திடீரென்று மரியாதை கூடும்.

மழை, கிணறு, நெய் எல்லாம் படித்தேன். நிறத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கும் காணோம்.

நோட்டை ஏன் பிடித்து வைத்திருக்கிறாய்? அதில் வேறு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று வாங்கினோமே, அதில் பாஸ் என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு பத்தி. நாள் முழுக்க ஆயிரம் தடவை வாயில் வரும் சொல்லுக்குள் இவ்வளவு ஆட்கள் குடியிருக்கிறார்களா என்று நீதான் சிரித்தாய். பரீட்சையில் தேறுவது. பஸ்காரனிடம் காட்டுவது. பந்தைத் தட்டிவிடுவது. உப்பை எடுத்துப் பக்கத்து இலைக்காரருக்குக் கொடுப்பது. பொழுது கழிவது. சட்டம் போடுவது. இன்னொருவர்மேல் தீர்ப்புச் சொல்வது. மயங்கி விழுவது. செத்துப்போவது. எங்கள் ஊருக்கு வரும் வழியில் இருக்கும் கணவாய்க்கும் அதே சொல்தான். அதே வேலையைச் செய்யும் வேறு சொற்களையும் எழுதினோம். ஓகே, கிளியர், அப்ரூவ்ட், அக்செப்ட். கந்தவேல் சார் நல்ல மூடில் இருந்தால் கிளியர் என்பார், பையர் நின்றால் அப்ரூவ்ட் என்பார் என்று ஓரத்தில் குறித்தது உன் கையெழுத்து.

இருபத்தாறு அர்த்தம் எழுதினோம். இங்கிலீஷில் முப்பத்தொரு மார்க் வாங்கி ஃபெயில் ஆனவள் நான். அந்த ஒரு பாடத்தை முடித்தால் கியூசி எனக்கு என்று சார் சொல்லியிருந்தார். அது உனக்கும் தெரியும். அந்தப் பேச்சு வந்த பிறகுதான் நீ என்னோடு சேர்ந்து அகராதி பார்ப்பதை நிறுத்தினாய். அப்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை. இப்போது எல்லாவற்றிலும் வருகிறது.

என்ன நிறம்?

வேல்விழி


குன்னத்தூர்
8-9-2004

வேலு,

சரி புள்ள, பழையபடியே எழுதுகிறேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இருக்கிறது. சந்தேகம் உனக்கு மட்டும்தானா? எனக்கும் இருக்கிறது. கேட்டுவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம், டுடோரியலில் பேர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள் என்று சொல்லி நீ கிளம்பினாய். பர்மிஷன் கேட்டால் தரமாட்டார்கள் என்று உன் அட்டெண்டன்ஸ் கார்டை நான் பார்த்துக்கொண்டேன். உன் பங்குப் பீஸையும் நான் பார்த்தேன். ஷிப்மென்ட் நேரத்தில் யாருக்கு அவசரம் வந்தாலும் பக்கத்து மேசைக்காரி போனவளின் ஸ்டிக்கரை ஒட்டி ஓட்டிவிடுவது நம் வழக்கம்தானே. எனக்குக் காய்ச்சல் வந்தபோது நீ செய்யவில்லையா?

ஆனால் நீ போனது டுடோரியலுக்குத்தானா? காலேஜ் ரோட்டில் இருக்கும் பெரிய கம்பெனி கேட்டில் நீ நின்றதைக் குழந்தையம்மாள் அக்கா பார்த்திருக்கிறது. மூணு மணிக்கு டீ கொண்டுவந்தபோது என் காதில் சொன்னது. "வேலு அங்கே கியூசி இன்டர்வியூவுக்குப் போயிருக்குது கண்ணு, உனக்குத் தெரியாதா?" என்று. என்னை உன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு நீ வேறு கம்பெனிக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாய். இதை ஏன் உன் கடிதத்தில் எழுதவில்லை?

நிறம் நிறம் என்று கேட்கிறாய். வெள்ளை. போதுமா? பதினோரு பீஸிலும் வெள்ளை. திங்கட்கிழமை நீ பார்த்த பீஸ். உன் தப்பு.

அன்பு


ஆண்டிபட்டி
12-9-2004, ஞாயிறு

அன்பு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சிரித்தேன். அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

ஓட்டை இருந்த அந்த நேவி புளூ லாட் நம் மேசைக்கு வந்ததே ஆகஸ்ட் முதல் வாரம் மட்டும்தான். அந்தத் திங்கட்கிழமை என்ன நாள்? ஆடிப்பதினெட்டு. கம்பெனி லீவு. உன் அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றோடு நீயும் நானும் பவானி கூடுதுறையில் முட்டளவுத் தண்ணீரில் நின்றோம். நீ வழுக்கி விழுந்தாய், உன் கையைப் பிடித்துத் தூக்கினது நான். அந்த வாரம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்கூட ஸ்டோரை விட்டு வெளியே வரவில்லை, அன்பு. பொய் சொல்லக்கூட ஒரு நாளைத் தேடிப் பிடித்தாய். அந்த நாளில் நீ என்னோடு இருந்தாய் என்பதை மறந்துவிட்டாய்.

இனி காலேஜ் ரோடு. டுடோரியல் அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிரில் மாடியில் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை. மார்க் சீட்டுக்கு நகல் எடுக்கக் கூட்டமாக இருந்தது, அதனால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க நிழலில் நின்றேன். அந்த நிழல் அந்தக் கம்பெனி கேட்டின் நிழல். இன்டர்வியூவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ரசீது என்னிடம் இருக்கிறது, தேதியும் போட்டிருக்கிறது. குழந்தையம்மாள் அக்கா ஒரு கண்ணால் பார்த்ததை நீ இரண்டு காதால் கேட்டுக்கொண்டாய். மறுநாள் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ரசீதைக் காட்டியிருப்பேன்.

மூணு மணிக்கு டீ வந்தது என்கிறாய். அதற்கப்புறம் அந்த மேசையில் என்ன நடந்தது?

மூன்றாவது தடவை கேட்கிறேன், என்ன நிறம்? இதற்குப் பதில் வராவிட்டால் நான் கடிதம் எழுதமாட்டேன். யாருக்கு எழுத வேண்டுமோ அவருக்கு எழுதுவேன்.

வேல்விழி


குன்னத்தூர்
26-9-2004

வேலு,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது தாள்.

பச்சை. பதினோரு பீஸிலும் பச்சை.

அந்த வியாழக்கிழமை மூணு மணி வரைக்கும் உன் பீஸையும் என் பீஸையும் ஒரே மாதிரிதான் பார்த்தேன். உள்பக்கம் திருப்பி, இரண்டு கையையும் உள்ளே விட்டு, டியூப் லைட்டுக்கு நேராக இழுத்து, நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அப்புறம் அக்கா வந்து சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவளுக்காக நான் ஏன் முதுகு ஒடிய வேண்டும் என்று தோன்றியது. அதற்கப்புறம் உன் அடுக்கில் இருந்த பீஸைத் திருப்பிப் பார்க்கவில்லை. மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. எடுத்தேன், பச்சையை ஒட்டினேன், தள்ளினேன். ஒரு மணி நேரம் இருக்கும். என் அடுக்கை மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன்.

வேண்டும் என்று செய்தாயா என்று கேட்டால், இல்லை. ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருந்தால் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதை மறைக்க முடியவில்லை. உன்னை அனுப்பிய நாளில் வாயைத் திறந்திருக்கலாம். பயம். அப்புறம் அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். பயம் போய் ஆசை வந்தது. ஆசைக்குப் பிறகு உன்மேல் கோபம்தான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

போன திங்கட்கிழமை கந்தவேல் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவேயில்லை. "முடிஞ்ச ஷிப்மென்ட்டுங்க அம்மணி. பையருக்கு ஆளை நிறுத்தியாச்சுன்னு மெயில் போட்டாச்சு. இப்பப் போயி வேற ஆளுன்னு சொன்னா கம்பெனி பேரு என்னாகறது? போயி வேலையப் பாருங்க" என்றார். உன்னைத் திரும்ப எடுக்கமாட்டாராம். நானும் அந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை. மறுபடியும் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கொடுத்திருக்கும் நம்பர் பதினேழு.

உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்? உங்க ஊருக்கு வந்து உன் அப்பாவிடம் நானே சொல்லட்டுமா?

அன்பு


ஆண்டிபட்டி
30-9-2004

அன்பு,

வா. ஆனால் நான் சொல்கிறபடி வா.

அப்பாவிடம் வீட்டுக்குள் சொன்னால் அது வீட்டோடு போய்விடும். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். குழாயடியில் நாற்பது பெண்களாவது இருப்பார்கள். ஊர் கூடும் மந்தை அதை ஒட்டித்தான், ஆண்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நின்று சொல். எனக்குச் சொல்வதுபோல் அழுதுகொண்டு வேண்டாம், சத்தமாகச் சொல். பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் ஒன்றைக் கொண்டுவா, ஓட்டையை இழுத்துக் காட்டு. இவர்களுக்குக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

பஸ்ஸில் வரும்போது உனக்கு மனசு மாறும். கணவாய் ஏறும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றும். எனக்கு உன்னைத் தெரியும். அதனால் உனக்காகப் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கமாட்டேன். வந்தால் வா.

பத்தாம் தேதி ஞாயிறு. நோட்டையும் கொண்டுவா.

வேல்விழி


ஆண்டிபட்டி
14-10-2004

அன்பு,

நீ போய் நாலு நாளாகிறது. குழாயடியில் இப்போது எனக்கு இடம் விடுகிறார்கள், அது முன்பு பேச்சை நிறுத்தியதைவிடத் தொல்லை. "அந்தக் கொங்குநாட்டுப் பிள்ளைக்கு என்ன தைரியம்டி" என்று உன்னைப் பற்றித்தான் பேச்சு. உன் 'இல்லீங்க, தப்பு என்னுதுங்க' என்ற பேச்சைச் சின்னப் பிள்ளைகள் சொல்லிக் காட்டுகிறார்கள். அப்பா அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை என் கையிலிருந்து வாங்கினார். இரண்டு மாதத்தில் முதல் தடவை. "போறதுன்னா போ தாயி" என்றார். தீபாவளி கழித்து வருகிறேன். குழந்தையம்மாள் அக்கா தனக்குத் தெரிந்த கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறதாம். தன் வாயால் வந்த வினைக்கு அது செய்யும் பரிகாரம்.

அம்மா உனக்குச் சோறு போட்டபோது ஒரு வார்த்தை பேசவில்லை என்று வருத்தப்படாதே. குழம்பில் இருந்த கோழிக்கால் உன் இலையில்தான் விழுந்தது. அவளுக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். இருபத்தேழாவதாக உன் கையெழுத்தில், 'தன் தப்பை இன்னொருத்தி பேரில் ஒட்டித் தள்ளுவது. இது அகராதியில் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அதை ஒட்டிய ஒன்று இருக்கிறது, அன்பு. பாஸ் ஆஃப் என்று போட்டிருக்கிறது, கெட்ட சரக்கை நல்ல சரக்கென்று தள்ளிவிடுவது என்று. அப்போது அது நமக்கு வேண்டாம் என்று தாண்டிப் போனோம்.

நீ குழாயடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாய். நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நிறத்தைப் பார்க்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியது பொய். கந்தவேல் சார் மேசையில் அந்தப் பீஸ்கள் விரித்துத்தான் கிடந்தன. உள்ளே நுழைந்ததுமே பச்சையைப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை, நீ என்று அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. நான் வாயைத் திறந்திருந்தால் அங்கேயே இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஒருத்தியாவது இருக்கட்டும் என்று பேசாமல் வந்தேன். என்ன ஆகும் என்று தெரியாமல் செய்திருப்பாய், என்னை அனுப்பியது தெரிந்ததும் ஓடி வருவாய் என்று நினைத்தேன். நீயாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நிறத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தெரிந்த கேள்வியைக் கேட்டுத் தோழியைப் பரீட்சை வைத்தவள் நல்லவளா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அன்று நாலு மணிக்கு என்னை அனுப்பினார்கள். ரூமுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். முன்கேட்டில் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் போனார்கள். நீ முன்கேட்டைத் தவிர வேறு வழியில் போனதே கிடையாது. அன்று வரவில்லை. தலைவலி, சீக்கிரம் போய்விட்டேன் என்று எழுதினாய். மற்ற பொய்யெல்லாம் எனக்கு ஆறிவிட்டது. இது ஒன்று மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

நான் அங்கே உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வரி எழுது. எதுவாக இருந்தாலும் நான் திருப்பூர் வருவேன்.

வேலு


குன்னத்தூர்
19-10-2004

வேலு,

தெரியும்.

தலைவலி இல்லை. மாடியில் கட்டிங் செக்‌ஷன் ஜன்னலில் நின்றிருந்தேன். நீ அந்தப் பச்சைப் பெட்டிமேல் உட்கார்ந்து, வெளியே வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாய். என் மாதிரித் தாவணி போட்ட ஒருத்தி வந்தபோது எழுந்து நின்றாய். அவள் திரும்பியதும் மறுபடியும் உட்கார்ந்தாய். நீ கிளம்புகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் நான் அங்கேயே நின்றேன். அப்புறம்தான் பின்கேட் வழியாகப் போனேன்.

அந்த மாடிக்குப் பத்தொன்பது படி. தினமும் ஏறுகிறேன், தினமும் எண்ணுகிறேன். அன்று உன்னிடம் இறங்கி வரவில்லை.

அன்பு